அட்மின் மட்டும்

அந்த வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டீர்களே. எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள். 'உடல்நிலையில் மாற்றம் ஏற்பட்டால் தகவல் தெரிவிக்க வேண்டியவர்.' பெயர், உறவு, போன் நம்பர். நானும் போன வருஷம் இதே பெஞ்சில், சுற்றுகிற மாதிரி பாவனை பண்ணுகிற இதே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதினேன். ஆனால் நான் நிற்கவில்லை. மங்கையர்க்கரசி, மகள், என்று கடகடவென்று எழுதினேன். கான்வென்ட் கையெழுத்து. மேலாளர் அதைப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கு மேடம்" என்றார். அடுத்த வரியில் இரண்டாவது நபர் என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அதில் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

இந்த முதியோர் இல்லத்தில் நீங்கள் யாரைச் சேர்க்க வந்திருக்கிறீர்கள்? மாமனாரா? வாசலில் காருக்குள் குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவரா? இறங்க மாட்டேன் என்கிறாரா? இறங்குவார். என் அம்மாவும் அரை மணி நேரம் இறங்கவில்லை. எழுதுங்கள், நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். பேனாவைக் கடிக்காதீர்கள், குழந்தையா நீங்கள்?

நான் மேலாளரைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் சாமான்களை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு கடிதமும் கொடுக்க வேண்டும். நாலு பக்கம். இதே மாதிரி உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் உங்களிடம் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை. எங்களுக்கு மதுரை. இங்கேயிருந்து ஒன்றேகால் மணி நேரம். வெளிநாடு இல்லை, வெளிமாநிலம் இல்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் இருக்கிற மகளுக்குச் சொல்லாமல், பதினோரு நாள் ஒரு மனுஷியைச் சாகவிட்டிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. செண்பகவல்லி என்று பெயர். இந்தத் திண்டுக்கல்லிலேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகி, தனியாக இருக்க முடியாது என்று ஆனபோது இங்கே கொண்டுவந்தோம். என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஏற்கெனவே என் மாமியார் இருக்கிறார். தம்பி இளங்கோ மஸ்கட்டில். உங்களுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் ஏதோ ஒரு காரணத்தோடுதான் வந்திருப்பீர்கள்.

இங்கே ஜெயசீலி என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். ஒல்லியாக, நெற்றி பெரிதாக, இப்போது மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாளே, என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு. அவள்தான். அம்மாவின் அறை அவள் பொறுப்பு. நல்ல பெண்தான், ஆனால் எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்று தெரியாது. காலையில் நான் குக்கர் வைத்திருப்பேன், போன் வரும். மேடம், அம்மா நேத்து சரியா தூங்கல. மத்தியானம் கண்ணை மூடுவேன், போன் வரும். மேடம், அம்மா இட்லி ரெண்டுதான் சாப்பிட்டாங்க. நான் என்ன செய்ய? மதுரையிலிருந்து மூன்றாவது இட்லியை ஊட்டவா? ஒருநாள் சொல்லிவிட்டேன். இதோ பாரும்மா, சும்மா சும்மா போன் பண்ணாதே, வாட்ஸப்பில் ஒரு குரூப் போடுகிறேன், அதில் போடு, எனக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்வேன் என்று. குரூப்பில் நான், இளங்கோ, அவன் மனைவி பவித்ரா, ஜெயசீலி. நான் அட்மின்.

அது எப்படிப் போனது என்று கேளுங்கள். ஜெயசீலி ஒன்று போடுவாள், 'அம்மாக்கு கால் லேசா வீங்கிருக்கு'. உடனே பவித்ரா மஸ்கட்டிலிருந்து ஆரம்பிப்பாள். ஐயோ, எந்தக் கால், எத்தனை நாளாக, உப்பு குறைச்சீங்களா, வெந்தயம் கொடுத்தீங்களா, கும்பிடுகிற கை பொம்மை நாலு. பிறகு இளங்கோ வருவான். "அக்கா, நீ ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடேன்." ஒரு எட்டு! மஸ்கட்டில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு அவனுக்கு என் எட்டு எவ்வளவு சுலபமாக இருக்கிறது. போன் டிங் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் போய்வந்தேன். மாதம் ஒருமுறை போனேன். சில மாதம் விட்டுப்போயிருக்கும்.

இப்போது என் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. ஆவணியில். பெண் வீடு என்றால் தெரியுமில்லையா, நூறு பேரிடம் பேச வேண்டும். மண்டபம், சமையல்காரர், ஐயர், மாப்பிள்ளை வீட்டுச் சித்தி ஒருத்தி, அவளுக்குத் தனியாக ஒரு போன் லைன் வேண்டும். ஒரு வியாழக்கிழமை. ஜவுளிக்கடையில் நிற்கிறேன். மாப்பிள்ளையின் அம்மாவும் பக்கத்தில். முந்தின நாள் ஜெயசீலி போட்டிருந்தாள், அம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல், தொண்ணூற்றொன்பது, காலையில் ஒரு இட்லிதான் என்று. அதற்குப் பவித்ரா போட்டது மட்டும் பதினாலு. அன்றைக்கும் விடாமல் டிங் டிங். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு ரொம்ப முக்கியமான போன்போல" என்றாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அங்கேயே, சேலையை மடியில் வைத்துக்கொண்டே, குரூப்புக்குள் போய் ஒன்றை அழுத்தினேன். அட்மின் மட்டும்தான் செய்தி போட முடியும் என்று ஒன்று இருக்கிறது. என் மகள்தான் எப்போதோ காட்டிக்கொடுத்தாள். நிச்சயம் முடிந்ததும் திறந்துவிடலாம் என்றுதான்.

பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் நான் கிளாஸ் லீடர். டீச்சர் வெளியே போனால் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவேன். நான் சாக்பீஸைக் கையில் எடுத்தாலே வகுப்பு அடங்கிவிடும். சிஸ்டர் சொல்வார்கள், மங்கை இருந்தால் எனக்குக் கவலையில்லை என்று. அந்த மாதிரி ஒரு அமைதி. அன்றைக்கே டிங் நின்றது. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், பார்த்தீர்களா, கண்டிப்பாக இருந்தால் எல்லாரும் ஒழுங்காகிவிடுகிறார்கள் என்று. எதை அழுத்தினேன் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. சத்தியமாக. வேலை அப்படி. சத்தம் இல்லை, அப்படியென்றால் அம்மா நன்றாக இருக்கிறாள். நீங்களும் அப்படித்தானே நினைப்பீர்கள்? நினைக்க மாட்டீர்களா?

சரி, ஒரு போன் வந்தது என்று மேலாளர் சொல்கிறார். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. நிச்சயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. நான் தாம்பூலப் பை எண்ணிக்கொண்டிருந்தேன், நூற்றிருபது. என் வீட்டுக்காரர்தான் எடுத்தார். வந்து, "ஹோம்லேர்ந்து. அம்மாவை வந்து பார்த்தா நல்லதுங்கறாங்க" என்றார். அவசரமா என்று கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். அவசரம் என்று இல்லை சார், வந்து பார்த்தால் நல்லது என்றார்களாம். நீங்களே சொல்லுங்கள், இதற்குப் பேர் தகவலா? பெற்ற தாயை எப்போது வந்து பார்த்தாலும் நல்லதுதான். எனக்கு எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது, திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினேன். ஞாயிறு முடியட்டும், திங்கள் போகலாம் என்றேன். திங்கள் போகலாம் என்று நான் சொன்னதற்கு என் வீட்டுக்காரரே சாட்சி.

நிச்சயம் நன்றாக நடந்தது. பாயசம் மட்டும் கொஞ்சம் தண்ணீராகிவிட்டது.

திங்கள் காலை ஆறே முக்காலுக்கு ஜெயசீலியிடமிருந்து போன். போன், பாருங்கள். நான் பண்ணாதே என்று சொன்ன அந்தப் போன். முந்தின நாள் நின்று நின்று கால் இரண்டும் கல்லாக இருக்கிறது, அப்போதுதான் எழுந்து பால் பாக்கெட்டை வெட்டுகிறேன். எடுத்தேன்.

"மேடம், திட்டாதீங்க மேடம்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை நான் கடிதத்தில் எழுதவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். "எத்தனை தடவை சொல்றது உனக்கு? குரூப்ல போடுன்னு சொன்னேனா இல்லையா?"

"போட முடியல மேடம்."

"போட முடியலைன்னா என்ன? விரல்ல அடிபட்டுருச்சா?"

நான் இன்னும் நாலு வார்த்தை சொன்னேன். காலங்காத்தால, அறிவிருக்கா, என்றெல்லாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நான் மூச்சு விட்ட இடத்தில் சொன்னாள்.

"அம்மா போயிட்டாங்க மேடம். இப்பத்தான். கையைப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

பால் சிங்க் முழுக்க. அதைத் துடைத்துவிட்டுத்தான் என் வீட்டுக்காரரை எழுப்பினேன். ஏன் துடைத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மா ஒன்று சொல்வாள். அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான். ஒருநாள் ஒரு தோல் வியாபாரிக்கு அவசரச் செய்தி. வேலூரில் அவர் மகனுக்கு லாரி விபத்து. இவர் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருக்கிறார், லைன் காலியாகவே இல்லை. அம்மா நடுவில் வெட்டி உள்ளே போய்விட்டாள். மன்னிக்கணும், அவசரச் செய்தி என்று. அவர் கன்னாபின்னாவென்று திட்டினாராம். யாரைக் கேட்டு வெட்டினே, உன் வேலையைத் தொலைச்சிடறேன் என்று. அம்மா லைனைப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். "திட்டி முடிக்கட்டும்னு இருந்தேன்டி. பாதித் திட்டுல அதைச் சொன்னா அந்த மனுஷன் காலத்துக்கும் தன்னைத்தானே மன்னிக்க மாட்டார்ல" என்பாள். நான் கான்வென்ட் சீருடையில் உட்கார்ந்துகொண்டு, அவ்வளவு பொறுமையெல்லாம் என்னால் முடியாதும்மா என்பேன்.

எதற்கு இதைச் சொல்கிறேன்? ஆமாம், போனைப் பற்றிப் பேசினேன், அதனால்தான்.

அன்றைக்கு இங்கே வந்து இந்த வராந்தாவில் நின்று நான் பேசிய பேச்சில் மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முழுக்க இங்கிலீஷில். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ்தான் வரும். பக்கத்து அறைக் கிழவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சிறுநீரில் தொற்று, அது ரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். சாப்பாடு குறைந்தது, தூக்கம் அதிகமானது, பேச்சு முன்னுக்குப் பின் ஆனது. ஒன்றும் ஒரே நாளில் வந்ததில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு நாளும்! ஊசி போட்டோம், ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா என்று வீட்டாரைக் கேட்கத்தான் காத்திருந்தோம் என்றார். யாரைக் கேட்டீர்கள் என்றேன். மேலாளர் ஜெயசீலியைப் பார்த்தார். அவள் வார்டு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். தினமும் ஒரு வரி. வரியின் கடைசிக் கட்டத்தில், குடும்பத்துக்குத் தெரிவித்த நேரம் என்ற இடத்தில், அந்த ஒரு வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் ஒரே மாதிரி எழுதியிருந்தாள். 'குரூப் மூடியிருக்கு. போன் பண்ணக் கூடாதுன்னு மகள் சொல்லியிருக்காங்க.'

பழியை என் மேல் போடுவதற்காக அப்புறமாக எழுதிக்கொண்டது என்று நினைத்தேன். அப்படியே எல்லார் முன்னாலும் சொல்லவும் செய்தேன்.

இளங்கோ மறுநாள் வந்தான். தத்தனேரி சுடுகாட்டில் எல்லாம் முடிந்து வந்து உட்கார்ந்ததும், குரூப்பிலேயே இவர்களை நாலு கேள்வி கேட்கிறேன் பார் என்று போனை எடுத்தேன். கேட்டேன். நீளமாகவே கேட்டேன். யாரும் பதில் போடவில்லை. பார், பதில் சொல்ல வாயில்லை என்றேன். இளங்கோ எதிரே உட்கார்ந்திருந்தான், மொட்டைத் தலையோடு. அவன் தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். என் போனில் தட்டுவதற்கு இடம் இருக்கிற இடத்தில் அவன் போனில் ஒரு வரி இருந்தது. அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்.

"பதினோரு நாளா எனக்கும் இப்படித்தான்க்கா இருந்துச்சு" என்றான்.

ஏன்டா எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லவில்லை என்று கேட்டேன். நிச்சய வேலையில் இருப்பாய், தொந்தரவு பண்ண வேண்டாம், நீதான் பார்த்துக்கொள்கிறாயே என்று இருந்துவிட்டானாம். அவனும் சத்தம் இல்லையென்றால் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அது எனக்கு என்னவோ போல இருக்கிறது.

ஆனாலும் நான் விடப்போவதில்லை. ஒரு போனில் ஒருத்தி ஒன்றைத் தப்பாக அழுத்திவிட்டாள் என்பதற்காக ஒரு உயிரை விட்டுவிடுவார்களா? நான் திட்டுவேன் என்று பயந்து ஒரு நர்ஸ் இருக்கலாமா? நான் என்ன பேயா? அவளிடம் அப்படி என்ன சொன்னேன்? கடிதத்தில் மூன்றாவது பக்கம் முழுக்க அவளைப் பற்றித்தான். இந்தப் பெண் இந்த வேலைக்குத் தகுதியில்லை என்று. மேலாளரிடம் கொடுத்தால் அவளை அனுப்பிவிடுவார், தெரியும். அவளுக்கு நத்தம் பக்கம் வீடு, இரண்டு தங்கைகளாம். அம்மாதான் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு எல்லார் வீட்டுக் கதையும் தெரியும்.

பதினாறாம் நாள் முடிந்து மூன்று நாள் ஆகிறது. இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் வரும்போது, வாடிப்பட்டி தாண்டியிருக்கும், சும்மா போனை எடுத்து அந்தக் குரூப்பைத் திறந்துவிட்டேன். எல்லாரும் அனுப்பலாம் என்று. இனிமேல் யார் என்ன அனுப்பப்போகிறார்கள்? ஒரு சுத்தம், அவ்வளவுதான். பஸ் அடுத்த நிறுத்தம் போவதற்குள் டிங் என்றது.

ஜெயசீலி. அவளுடைய முதல் செய்தி, இதோ பாருங்கள். 'மேடம் இது அம்மா சனிக்கிழமை சாயந்தரம் பேசினது. மக குரூப்ல போட்டுடும்மான்னு சொன்னாங்க. அன்னிக்கு போக மாட்டேன்னுடுச்சு. போட்டாச்சுன்னு அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க.' அதற்குக் கீழே, அழுத்தினால் குரல் கேட்கிற அந்த முக்கோணம். நாற்பத்தொரு நொடி.

போட்டாச்சு என்று சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் அம்மா சனிக்கிழமை சாயந்தரத்திலிருந்து நான் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டுவிட்டு வரவில்லை என்று. ஞாயிறு முழுக்க.

இல்லை, இல்லை, தண்ணீர் வேண்டாம். பையிலேயே இருக்கிறது.

இளங்கோ கேட்டுவிட்டான். கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணினான், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும், வைத்துவிட்டான். பவித்ராவும் கேட்டிருக்கிறாள். ஒரு இட்லிக்குப் பதினாலு செய்தி போட்டவள். இப்போது குரூப் திறந்துதான் கிடக்கிறது, அவள் ஒன்றும் போடவில்லை. ஒரு கும்பிடுகிற கைகூட இல்லை. பஸ்ஸில் மூன்று தடவை விரலைக் கொண்டுபோனேன். முடியவில்லை. டீச்சர் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. நான் எப்போதும் பெயர் எழுதினவள்தான், என் பெயரை யாரும் எழுதினதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? உங்களை எனக்குத் தெரியாது, அதுதான் வசதி. இந்தாருங்கள் போன். அந்த ஃபாரத்தை இப்படிக் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். நல்ல காது இருக்கிறதில்லையா உங்களுக்கு? அம்மாவுக்குக் கடைசியில் குரல் சன்னமாகிவிட்டது. காதோடு வைத்துக் கேளுங்கள். ஸ்பீக்கரில் போடாதீர்கள். நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்க்காதீர்கள், பார்த்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

மேலாளர் வந்துவிட்டார் போலிருக்கிறது. வரட்டும், உட்காரட்டும், எனக்கு இப்போது அவசரமில்லை.

எழுத ஏதாவது வேண்டுமே. இருங்கள். இந்தாருங்கள், இந்தக் கடிதம்தான் இருக்கிறது, நாலு தாள், பின்பக்கம் எல்லாம் காலி. மூன்றாவது தாளிலேயே ஆரம்பியுங்கள், பரவாயில்லை. என்ன சொல்கிறாள் என்று அப்படியே எழுதுங்கள். உங்கள் ஃபாரத்தில் நான் இரண்டாவது நபரையும் எழுதிவிடுகிறேன், உங்கள் வீட்டுக்காரர் நம்பரைச் சொல்லுங்கள். அப்புறம் சொல்லுங்கள், முதலில் கேளுங்கள்.

அந்த முக்கோணத்தை அழுத்துங்கள். ஒன்றையும் விடாதீர்கள். எது முக்கியம் எது முக்கியமில்லை என்று நீங்களாக முடிவு பண்ணாதீர்கள். ஒரு இட்லி சாப்பிட்டேன் என்று சொன்னால் ஒரு இட்லி என்று எழுதுங்கள். நடுவில் இருமினால், இருமினாள் என்று எழுதுங்கள்.